அப்பா ஊட்டி, அம்மா பம்பாய்

அக்டோபர் 7, செவ்வாய்

ரெண்டு நாளாகத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. இன்று ஆள் வந்து திறந்து பார்த்தான். உள்ளே பல்லி. அதை ஒரு காகிதத்தில் எடுத்து வைத்து, நோயைக் கண்டுபிடித்த டாக்டர் மாதிரி எங்கள் இருவருக்கும் காட்டினான். ஜெயலக்ஷ்மி பார்க்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். தண்ணீர் வந்தது.

சாயங்காலம் டென்வரிலிருந்து அபிராம் கூப்பிட்டான். வழக்கமாக அம்மாவோடு பேசிவிட்டு, கடைசியில் "அப்பா சௌக்கியமா" என்று என்னை ஒரு வரியில் முடித்துவிடுவான். இன்று, "அப்பாவும் பக்கத்துல உக்காரட்டும்" என்றான். முழு உத்தியோகத்தையும் வங்கியின் கடன் பிரிவில் கழித்தவன் நான். ஏதோ கேட்கப் போகிறவன் குரல் எனக்குத் தெரியும்.

"ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. பேரு காமில். டிசம்பர்ல அழைச்சுண்டு வரேன்."

ஜெயலக்ஷ்மி உடனே, "காரம் சாப்பிடுவாளோ?" என்று கேட்டாள். அவளுக்கு அதோடு விசாரணை முடிந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அவா குடும்பம் எப்படி?"

"எப்படின்னா?"

"எப்படின்னா... பொருளாதார நிலைமை."

பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். பெண்ணின் அப்பா யூட் இனம். கொலராடோவின் மூலையில் ஒரு பண்ணையில் வேலை. அம்மா வெஸ்ட் இண்டியன், கிரனடா தீவு, நர்ஸாக வந்தவர்.

"போறுமா அப்பா?"

போறாது. ஆனால் வைத்துவிட்டான்.

அக்டோபர் 8

வெஸ்ட் இண்டியன் என்றால் எனக்குக் கிரிக்கெட். எண்பதுகளில் கிளையில் மேனேஜருக்குத் தெரியாமல் மேஜை டிராயரில் ட்ரான்சிஸ்டர் வைத்துக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பந்து போட ஓடி வருகிறார்கள் என்று வர்ணனையாளர் சொன்னாலே இங்கே காஷ் கவுண்டரில் ஆள் குனிவான். அந்த ஊர்க்காரர்கள் என்றால் எனக்குத் தனி மரியாதை. ஆனால் மரியாதை வேறு, கடனுக்கு எடை போடுகிற அப்ரைசல் வேறு.

யூட் பற்றி ஒன்றுமே தெரியாது. நேற்று ராத்திரி முழுக்க அதை 'யூதர்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்தவன் காதில் வேறு எப்படி விழும்? பரவாயில்லை, பழகிய ஜனங்கள்தானே என்று ஒருவாறு சமாதானமும் ஆகியிருந்தேன். காலையில் ஜெயலக்ஷ்மி திருத்தினாள், அபிராம் சொன்னது அமெரிக்காவின் பழங்குடி என்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

ஒரு விண்ணப்பம், ரெண்டு பக்கத்து சம்பந்திகள். ரெண்டு பக்கத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்காமல் எப்படி?

"யார் உங்ககிட்ட லோன் கேட்டா?" என்கிறாள் இவள்.

அக்டோபர் 9

மீனாக்ஷி அக்கா பாலக்காட்டிலிருந்து கூப்பிட்டாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்திம்பேர் காலமானபின் மகன் வீட்டில் இருக்கிறாள். இந்த மட்டாஞ்சேரி வீட்டில் பாதி அவளுக்கு. அப்பா போன நாளிலிருந்து பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறாள். அதனால் என்னால் வீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. கடன் பிரிவில் இருந்தவன் வீட்டில் ஒழுகுகிற சமையலறைக் கூரைக்குக் கடன் கிடைக்காது. வருஷத்துக்கு ரெண்டு தரம் வருவாள், மாடியில் கிழக்கு ரூமில் தங்குவாள், கொசுவைப் பற்றிப் புகார் சொல்வாள், போவாள்.

ஜெயலக்ஷ்மி வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பொண்ணு எந்த ஊருடா?"

"அப்பா யூட். அம்மா வெஸ்ட் இண்டியன்."

"ஊட்டியா?"

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

"ஊட்டி நல்ல ஊராக்கும். அம்மா வெஸ்ட் இண்டியான்னா எங்க, பம்பாய்ப் பக்கமா?"

நான் "ம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்னதில்லை. அக்காவிடம் நான் சின்ன வயதிலிருந்தே 'ம்'தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அக்டோபர் 12

பாலக்காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்ணுக்கு ஊட்டியில் டீ எஸ்டேட் இருக்கிறதாம். எஸ்டேட்டை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் இல்லை.

அக்டோபர் 15

யூசுப் கடைக்குப் போனேன். யூசுப்புக்கு ஜூ டவுனில் மசாலா வியாபாரம். அவன் வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்தவர். மிளகு, சுக்கு, ஜாதிக்காய் எந்த ஊரில் விளைகிறது என்று கேட்டால் பூகோளமே சொல்வான்.

"காமில்னா எங்க பக்கம் ஆம்பளப் பேரு சாமி," என்றான் முதலில்.

"இது ஃபிரெஞ்சுப் பேராம். பொண்ணுதான். அம்மா கிரனடா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "கிரனடாவா? ஜாதிக்கா கிரனடாவா?"

அப்புறம்தான் சொன்னான். உலகத்துக்கே ஜாதிக்காய் அனுப்பிய தீவு அது. ரெண்டாயிரத்து நாலில் ஒரு புயல் அடித்து மரமெல்லாம் வேரோடு போய்விட்டது. அங்கே காய் இல்லை என்றதும் இங்கே விலை ஏறியது. யூசுப்பின் குடோன் நிறைய அப்போது ஜாதிக்காய்.

"அந்த வருஷத்துலதான் சாமி நான் வீட்டுக்கு மாடி எடுத்தேன்," என்றவன், சொல்லி முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆனான். "அந்தப் பொண்ணு வந்தா இங்க கூட்டிட்டு வராதீங்க."

"ஏன்?"

"எனக்கு வெக்கமா இருக்கும்."

கிரனடா பக்கம்: விவசாயம், இயற்கை இடர் அபாயம் அதிகம். இப்படித்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

யூட் பற்றிப் பேரன் வயதுப் பையன்கள் மாதிரி போனிலேயே குனிந்து உட்கார்ந்து படித்தேன். பூமிக்கடியில் இயற்கை வாயு. பெரிய நிதி. சொந்தக் கம்பெனிகள். எனக்கு இனிப்பு ரெண்டு அதிகமாகவே இறங்கியது. ஜெயலக்ஷ்மியிடம், "யூட் பக்கம் ரொம்ப ஸ்ட்ராங்" என்றேன்.

"காரம் சாப்பிடுவாளாம். அபிராம் சொன்னான்," என்றாள் அவள்.

அக்காவும் கூப்பிட்டாள். எஸ்டேட் குன்னூர் ரோட்டிலா, கோத்தகிரி ரோட்டிலா என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

காமிலோடு முதல் வீடியோ கால்.

நல்ல உயரம். கறுப்பு அம்மாவிடமிருந்தாம், நேரான முடி அப்பாவிடமிருந்தாம். சிரித்தால் தோள் குலுங்குகிறது. எல்லாம் இங்கிலீஷில்தான். நடுவில் "சாப்டாச்சா அங்கிள்" என்று தமிழில் ஒரு கேள்வி. அங்கே காலை, இங்கே நடு இரவுக்குக் கொஞ்சம் முன். ஆனாலும் நன்றாயிருந்தது.

நான் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். உங்கள் அப்பா பக்கம் வாயு நிறைய இருக்கிறதாமே என்றேன்.

"அது பக்கத்து ட்ரைப், அங்கிள். அவர்களும் யூட்தான். அவர்கள் நிலத்துக்கு அடியில் வாயு. எங்கள் நிலத்துக்கு மேலே சோளம்."

"ஒரே ஜனங்கள்தானே?"

"ஒரே ஜனங்கள்தான். கோடு போட்டது வேறு யாரோ."

சரி, அந்தச் சோள நிலத்தின் மதிப்பு என்ன, வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டேன். பக்கத்தில் அபிராம் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. அவள் வேலையே அதுதானாம். பழங்குடியினருக்குக் கடன் கொடுக்கும் ஒரு சின்ன நிதி நிறுவனத்தில் லோன் ஆபீஸர்.

அதன்பின் எங்களை யாராலும் நிறுத்த முடியவில்லை. அங்கே நிலம் ட்ரைப்புக்காக அரசாங்கத்தின் பேரில் இருக்கிறது, அடமானம் வைப்பது குதிரைக்கொம்பு, அதனால் அந்த நிலத்தில் வீடு கட்ட வருகிறவனுக்குப் பெரும்பாலான வங்கிகள் கதவைச் சாத்திவிடும் என்றாள். பிணை இல்லாமல் பின்னே எதை வைத்துக் கொடுப்பாய் என்றேன். ஆளை வைத்து என்றாள். ஆள் ஏமாற்றினால்? அவன் அத்தையிடம் போய்ச் சொல்வேன் என்றாள்.

என் உத்தியோகத்தில் இந்த முறை எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெயலக்ஷ்மிக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. கடைசியில் கையை மட்டும் ஆட்டினாள்.

நவம்பர் 3

ஜெயலக்ஷ்மி பேசவில்லை. காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. மத்தியானம் சாதம் போடும்போது மட்டும், "லோன் சாங்ஷன் ஆச்சா?" என்றாள்.

அபிராமிடமிருந்து செய்தி: அத்தை எனக்கு 'ஊட்டி மாட்டுப்பொண்ணுக்கு ஆசீர்வாதம்' என்று அனுப்பியிருக்கிறாள். இது என்ன அப்பா? அவள் யாரென்று சொல்ல உனக்கு வெட்கமா? அத்தையிடம் சரியாகச் சொல்லும்வரை நாங்கள் டிக்கெட் போடப்போவதில்லை.

வெட்கமா? எனக்கா? இல்லை. அக்காவிடம் பயம். அது வேறே. பையனுக்கு அதை எப்படி எழுதுவது?

சொல்லிவிடுகிறேன் என்று பதில் போட்டேன்.

நவம்பர் 5

அக்காவைக் கூப்பிட்டேன். அவளே பேசினாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 8

மறுபடி கூப்பிட்டேன். "அக்கா, அந்த ஊட்டி விஷயம்" என்று ஆரம்பித்தேன். "பச்சைத் தேயிலை விலை விழுந்துடுத்தாமே, பேப்பர்ல படிச்சேன், பாவம் அவா" என்று அழாத குறை. சம்பந்திகளுக்காக அவள் கவலைப்படும்போது நடுவில் எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 9

அபிராமிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போட்டுவிட்டான். டிசம்பர் இருபது.

நவம்பர் 16, ஞாயிறு

காமில் அவளாகவே கூப்பிட்டாள். இன்று அம்மா பக்கம். கிரனடாவில் குடும்ப நிலம் என்று ஒன்று உண்டாம். தாத்தாவுக்குத் தாத்தா வாங்கியது. பேரன் பேத்தி எல்லாருக்கும் பொது. யாரும் விற்க முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது. ஊருக்குத் திரும்புகிறவன் அதில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த வங்கியும் அதை வைத்துக் கடன் தராது.

"ஆக அப்பா பக்கமும் தராது, அம்மா பக்கமும் தராது," என்றேன்.

"ஆமாம். உங்கள் வீடு யார் பேரில் இருக்கிறது, அங்கிள்?"

சொன்னேன். அப்பா பேர், அக்கா, கையெழுத்து, சமையலறைக் கூரை, எல்லாம். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யூட், வெஸ்ட் இண்டியன், மட்டாஞ்சேரி: மூன்று விண்ணப்பமும் ஒரே காரணத்துக்காக நிராகரிக்கப்படும். நானே நிராகரித்திருப்பேன். சிவப்பு மையில்.

ஒப்பிட்டது போதும் என்று தோன்றுகிறது.

நவம்பர் 23

காமிலின் அப்பாவோடு பேசினேன். நான் பத்து வாக்கியம் பேசினால் அவர் ஒன்று பேசுகிறார். பண்ணையில் வாய்க்கால் தண்ணீர் பார்க்கிற வேலை. வறட்சி வருஷங்களில் பாதி நிலத்துக்குக்கூடத் தண்ணீர் வராதாம். நான் போனைத் திருப்பி எங்கள் வாசலைக் காட்டினேன். கடல் பொங்கி ஏறுகிற வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் படி வரைக்கும் வந்து நின்றது. செருப்பு ஒன்று மிதந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்றார். சிரிக்கவே இல்லை.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

டிசம்பர் 14

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் சங்கராந்திக்குத்தான் வருவாள். அதற்குள் இவர்கள் போய்விடுவார்கள்.

டிசம்பர் 20, சனி

நெடும்பாசேரி ஏர்போர்ட் போய் அழைத்து வந்தோம். காமில் நேரில் இன்னும் உயரம். குனிந்து என் காலைத் தொட்டாள். அபிராம் சொல்லிக் கொடுத்தானாம். ஜெயலக்ஷ்மி காலைத் தொடவிடவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு நேரே கிச்சன். மிளகாய்ப்பொடி தோசை. அந்தப் பெண் கண்ணில் தண்ணி வர வர இன்னொன்று கேட்டது. இவள் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்கணுமே. ஏதோ கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கேப்டன் மாதிரி.

காமிலுக்கு மாடிக் கிழக்கு ரூம். அபிராமுக்கு ஹால்.

டிசம்பர் 22

பினாலே மாசம். ஊரெல்லாம் ஓவியக் கண்காட்சி. வெளியே காலை வைத்தால் யாராவது காமிலிடம் உங்கள் ஓவியம் எந்த ஹாலில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். மூன்றாவது ஆளிடம் அவள், "நான் லோன் ஆபீஸர்" என்றாள். அவன் அதையும் ஒரு கலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனான்.

யூசுப் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்களைப் பார்த்ததும் மூட்டைக்குப் பின்னால் போனான். காமில் வாசலில் இருந்த ஜாதிக்காய்க் கூடையைக் கண்டு நின்றுவிட்டாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பேசவில்லை. யூசுப்பால் அதற்குமேல் ஒளிந்திருக்க முடியவில்லை. வந்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, புயல், விலை, மாடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

காமில் கேட்டுக்கொண்டு நின்றாள். "அந்தப் புயலில்தான் பெரியம்மா வீட்டுக் கூரை போச்சு," என்றாள்.

யூசுப் தரையைப் பார்த்தான். அவளே அப்புறம், "திரும்பப் போட்டாச்சு, அங்கிள். மரமும் நட்டிருக்கோம். புயலை நீங்களா அனுப்பினீங்க?" என்றாள். அதை நான் சொன்னதும் யூசுப் ஓடிப் போய்ச் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தான். திரும்பும்போது ஒரு பை நிறைய ஏலக்காய் திணித்தான். ஜாதிக்காய் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு அவனுக்கு நாகரிகம் உண்டு.

டிசம்பர் 24

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல். காமில் போய்த் திறந்தாள். அந்தக் குரல் கேட்டதும் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன்.

"வெங்கிட்டு, யாருடா இது? பினாலேக்காரிக்கு ரூமை வாடகைக்கு விட்டுட்டியா? என் ரூமையா?"

அக்கா. கையில் நேந்திரங்காய் வறுவல் டின். பாலக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வைட்டிலாவில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். ஊட்டி மாட்டுப்பொண்ணைப் பார்க்காமல் சங்கராந்தி வரைக்கும் இருப்புக் கொள்ளவில்லையாம்.

காமில் நன்றாகப் பழகி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"வாங்கோ அத்தை. நான்தான் காமில்."

வறுவல் டின் அக்கா கையிலேயே இருந்தது. காமிலை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஊட்டி?"

நான் பேப்பரை மடித்தேன். வேறு என்ன செய்ய?

எல்லாம் வெளியே வந்தது. யூட், கிரனடா, குக்கர் விசில், 'ம்', எல்லாம். அபிராம், "சொல்லிட்டேன்னு சொன்னியே" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"பாலக்காடு பூரா என்னை ஒரு கோமாளியா ஆக்கிட்டே. எஸ்டேட்டுக்குப் பாவப்பட வச்சே. எனக்குச் சொன்னாப் புரியாதுன்னு நெனச்சியா? பாகம் பிரிச்சுடலாம்டா. வக்கீலைப் பாரு. கையெழுத்துப் போடறேன்."

இத்தனை வருஷம் நான் கேட்ட கையெழுத்து. கிடைத்தபோது வக்கீல் நம்பரைத் தேடக்கூட இல்லை.

டிசம்பர் 25

ஜெயலக்ஷ்மி அக்காவையும் காமிலையும் ஒரே ரூமில் போட்டுவிட்டாள். வேறு ரூம் இல்லையாம். பழைய சாமானை ஒதுக்கினால் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரியும்.

அபிராம் என்னோடு பேசவில்லை. வைப்பின் தீவுக்குப் போட்டில் போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தான். அவன் கோபம் நியாயம். போய், "தப்புதான்டா" என்றேன். "அவகிட்டச் சொல்லு," என்றான்.

காமிலிடம் சொன்னேன். உன்னைப் பற்றி வெட்கமில்லை, அக்காவிடம் பயம் என்றேன். அவள் யோசித்தாள். "பயம் எனக்குப் புரியறது. ஆனா ஊட்டி எனக்குப் பிடிக்கலை, அங்கிள். நான் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் நான்," என்றாள். அந்த அளவுதான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அக்காவுக்கு இங்கிலீஷ் புரியும், பேச வராது. காமிலுக்குத் தமிழில் மனப்பாடம் பண்ணின நாலு வாக்கியம் பேச வரும், பதில் புரியாது. இவர்கள் மாடியில் எப்படி இருக்கிறார்களோ.

டிசம்பர் 26

மாடியில் பேச்சுச் சத்தம். சாயங்காலம் வரைக்கும். கொசுவத்தி கேட்டு ஒருத்தி வந்தாள், வறுவல் கேட்டு ஒருத்தி வந்தாள். என்ன பேசுகிறார்கள் என்று ரெண்டு பேரும் சொல்லவில்லை.

டிசம்பர் 27

காலை டிபனுக்கு உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்தாள். என்னைப் பார்க்காமல் இட்லியைப் பார்த்து.

"இவளுக்கு ஒரு பெரியம்மா இருக்காளாம், கிரனடால. எல்லாரும் வித்துடலாம் வித்துடலாம்னு சொல்லியும் அந்த நிலத்தை விடலையாம். அவளை எல்லாரும் பிடிவாதக்காரின்னு திட்டியிருக்கா. புயல் அடிச்சப்போ திட்டினவா அத்தனை பேரும் எங்க போய்ப் படுத்தா? அவ போட்ட தகரக் கொட்டாய்லதான். கேட்டயா?"

"ம்," என்றேன்.

"இந்த 'ம்'மை விடு முதல்ல. நான் ஏன் கையெழுத்துப் போடலைன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறாள் என்று.

"போட்டா காசு வரும். மகன் கார் வாங்குவான். அப்பறம் நான் இங்க வந்தா விருந்தாளி. ஜெயலக்ஷ்மி எனக்குப் புதுப் பெட்ஷீட் எடுத்து வைப்பா. இப்போ என் ரூம்னு சொல்லிண்டு வரேன். கொசு கடிக்கறதுன்னு சண்டை போடறேன். விருந்தாளி சண்டை போட முடியுமாடா?"

காமிலுக்கு எவ்வளவு புரிந்ததோ, அக்காவின் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். இவ்வளவு வருஷம் ஒரு கேஸை எடுத்துப் படிக்காமலே முடிவு எழுதி வைத்திருக்கேன். என் அக்கா கேஸை.

"வக்கீல்கிட்ட..." என்று இழுத்தேன்.

"எந்த வக்கீல்?" என்றாள் அக்கா. "சட்னி கொண்டா."

டிசம்பர் 28

அக்கா பாலக்காட்டுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில். நானும் அபிராமும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஊட்டியா? யார் சொன்னா ஊட்டின்னு? நீங்கள்லாம் காதைச் சரியா வச்சுக்கணும். அவ அப்பா பக்கம் அமெரிக்காவோட ஆதி ஜனங்களாக்கும். வெள்ளைக்காரன் வரதுக்கு எவ்வளவோ முன்னால. நம்ம குடும்பம் எத்தனை தலைமுறை சொல்லுவோம்? அஞ்சு, ஆறு. அவா கணக்குக்கு நாமெல்லாம் நேத்து குடி வந்தவா. அம்மா பக்கம் சொந்தத் தீவு."

"சொந்தத் தீவு இல்லை அத்தை," என்றான் அபிராம்.

"அவா பொறந்த தீவு அவாளுக்குச் சொந்தமில்லாம வேற யாருக்குடா சொந்தம்?"

அபிராம் என்னைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தான். நானும்.

ஜனவரி 4

இருவரும் கிளம்பினார்கள். மே மாசம் கொலராடோவில் பதிவுத் திருமணம், காமிலின் அப்பா பண்ணைப் பக்கத்தில் சாப்பாடு. அதற்கு அடுத்த வாரம் கிரனடாவில் பெரியம்மா வீட்டில் இன்னொரு சாப்பாடு. ஏர்போர்ட்டில் காமில், "கூரைக்கு நான் ஒரு வழி யோசிக்கறேன், அங்கிள்," என்றாள். ஆளை வைத்துக் கடன் கொடுக்கிற பெண். நான் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியும்.

வீடு ஹோ என்று இருக்கிறது. ஜெயலக்ஷ்மி ரெண்டு பேருக்கு அரிசி போடுவதற்கு நாலு பேருக்குப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 15

புது வருஷத்துக்குப் பாலக்காடு போன அக்கா சங்கராந்திக்கு மறுபடி வந்துவிட்டாள், இந்தத் தரம் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. கொசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. சாயங்காலம் சொன்னாள். நிம்மதி.

பிப்ரவரி 9

காலையிலேயே அக்காவும் ஜெயலக்ஷ்மியும் பட்டுப்புடவையில் தயாராக நின்றார்கள். எந்தக் கோயில் என்று கேட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கவாம். அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. திருப்பதிக்கு அப்பால் எங்கும் போனவள் இல்லை.

"கல்யாணத்துக்கு எங்க போறதா உத்தேசம்? அமெரிக்காவா, கிரனடாவா?"

"ரெண்டும்தான்," என்றாள் அக்கா. "ஒரு சம்பந்தி ஆத்துக்குப் போயிட்டு இன்னொரு சம்பந்தி ஆத்துக்குப் போகலைன்னா அவா என்ன நெனப்பா?"

மத்தியானம் வந்தார்கள். போட்டோவில் சிரிக்கக் கூடாதென்று ஸ்டுடியோக்காரன் சொன்னானாம், அதனால் அக்காவுக்கு மூன்று தரம் எடுக்க வேண்டி வந்ததாம். சொல்லிச் சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள். எத்தனை கம்பளி வேண்டும், ஊறுகாய் விடுவார்களா, பெரியம்மாவுக்கு எந்தக் கலர் புடவை என்று சாயங்காலம் வரை பேச்சு.

நானும் வருகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு அந்த ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும்.